இதை நீங்களா எழுதினீங்க?

என்னோடு பதினொரு நாட்கள் பேசாமல் இருந்த ஒருவர், நான் அனுப்பிய மூன்று சொற்களே அதற்குக் காரணம் என்று பின்னர் சொன்னார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பெரிய மொழிபெயர்ப்பைச் செய்துகொண்டிருந்தோம். அவர் என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் அழைப்பேன். வெவ்வேறு ஊர்களில் இருந்ததால், நான்கு ஆண்டுகளாக எங்கள் பேச்சு பெரும்பாலும் கைப்பேசியில் எழுத்தாகவே நடந்து வந்தது. ஓர் இரவு அவர் அனுப்பிய பத்தி ஒன்றைப் படித்து எனக்கு மெய் சிலிர்த்தது. மூலத்தில் ஏழெட்டுக் கிளைகளோடு முறுக்கிக் கிடந்த ஒரு நீண்ட வாக்கியத்தை, அதன் மூச்சு எங்கும் அறுந்துவிடாமல், தமிழிலேயே பிறந்ததைப் போல எழுதியிருந்தார். வியப்பு அடங்குவதற்குள் "இதை நீங்களா எழுதினீங்க?" என்று தட்டி அனுப்பிவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் காலையில் அவர் படித்தபோது அது வேறொரு கேள்வியாக இருந்தது. இது உங்கள் கைக்கு வரக்கூடியது இல்லையே, வேறு எவருடையதையோ எடுத்து வைத்துவிட்டீர்களா என்று நான் கேட்பதாக அவர் கொண்டார். "ஆமாம்." என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. நான் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உடல்நலம் சரியில்லையோ என்று கவலைப்பட்டுப் பன்னிரண்டாம் நாள் அழைத்தபோதுதான் செய்தி தெரிந்தது. அந்த வாக்கியத்தை நான் நினைத்திருந்த குரலில் அவருக்குச் சொல்லிக் காட்டினேன். எதிர்முனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, "இப்படியா சொன்னே?" என்று கேட்டார்.

"நீங்களா" என்பதில் குரலை உயர்த்தி "எழுதினீங்க" என்பதைச் சற்றே இழுத்துவிட்டால் அது வியப்பு. "நீங்களா" என்பதை அழுத்தி, ஒரு கணம் நிறுத்தி, மீதியைத் தாழ்ந்த குரலில் முடித்தால் அது ஐயம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். தட்டும்போது என் காதில் முதலாவது மட்டுமே ஒலித்தது. இரண்டாவது என்று ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. மொழியோடு நாள் முழுவதும் உழைக்கிற ஒருவருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்ற கேள்வி என்னை விடவில்லை. திரையில் எழுதிப் பேசும் மனிதர்கள், குரலும் முகமும் கையும் செய்த வேலையை எதைக் கொண்டு செய்கிறார்கள் என்று அன்றிலிருந்து படித்தும் கவனித்தும் வருகிறேன்.

எனக்கு முதலில் தெளிவு தந்தது எழுத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சோதனை. 1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் சிலரை அழைத்து, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டச் சொன்னார். கேட்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் மதிப்பிட்டார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டியவரின் தலைக்குள் இசைக்கருவிகளோடு முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவருக்குக் கிடைத்தது மரத்தின் மீது விரல் படும் ஓசை. நான் அன்றிரவு செய்ததும் இதுவே. என் வியப்பு முழுவதும் எனக்குள் ஒலித்துக்கொண்டிருக்க, அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் தட்டல்.

இதையே மின்னஞ்சலுக்குப் பொருத்திப் பார்த்தவர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர். அவர்களுடைய ஆய்வு 2005இல் வெளிவந்தது. சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்லி, எது எது என்று எதிராளி கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்தார்கள். குரலில் சொன்னாலும் மின்னஞ்சலில் எழுதினாலும் நூற்றுக்கு 78 முறை தாம் நினைத்தது சரியாகப் போய்ச் சேரும் என்று சொன்னவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் 73 முறை சேர்ந்தது. எழுத்தில் 56 முறைதான். நாணயத்தைச் சுண்டிவிட்டு ஊகித்தாலே 50 முறை சரியாக வரும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். என்னை அதிரவைத்தது 56 என்ற எண் அல்ல. குரலையும் எழுத்தையும் ஒரே அளவுக்கு நம்பினார்களே, அந்த 78தான். எழுத்தில் தொனி தொலைகிறது என்பதைவிட, தொலைவது எழுதியவருக்குத் தெரிவதில்லை என்பதே பெரிய சிக்கல்.

பேச்சில் 93 விழுக்காடு உடலும் குரலும், சொற்கள் வெறும் 7 விழுக்காடு என்று ஒரு கணக்கு எங்கும் சொல்லப்படுகிறது. பயிற்சி வகுப்புகளில் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்த கணக்கு அது. ஒருவர் சொல்லும் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, அவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 93 விழுக்காடு உண்மையாக இருந்தால் கடிதம் என்ற ஒன்றே மனித வாழ்வில் இருந்திருக்க முடியாது. தொலைபேசியும் பாதிச் செவிடாகத்தான் இருந்திருக்கும். சொற்களுக்கு வலு உண்டு. திரையில் நாம் இழப்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது.

நேரில் பேசும்போது நான் ஒரு வாக்கியத்தைத் தவறான தொனியில் தொடங்கினால், அது முடிவதற்குள் எதிரில் இருப்பவரின் புருவம் அசைந்துவிடும். அந்த அசைவைப் பார்த்து என் குரல் தானாகவே திரும்பிக்கொள்ளும். "இல்ல இல்ல, நல்லா இருக்குன்னுதான் சொல்ல வந்தேன்" என்று அடுத்த மூச்சிலேயே சரிசெய்துவிடுவேன். இது நடந்ததே இருவருக்கும் நினைவில் நிற்காது. பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களைப் பதிவு செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிவினாடிகளே, அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கே, இருக்கிறது என்று கண்டது. கண் இமைக்கும் நேரமே கொண்ட அந்த இடைவெளிகளில் "ம்", தலையசைப்பு, பார்வையை விலக்குதல் என்று எத்தனையோ திருத்தங்கள் போய் வருகின்றன. திரையில் தொலைவது முகம் என்று நாம் சொல்கிறோம். நான் அந்த முகத்தைப் பார்த்து என் சொல்லைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு தொலைகிறது என்பதே சரி. வாக்கியம் முழுதாக, திருத்தப்படாமல், நான் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்ச் சேர்கிறது.

குரல்செய்தி இந்தக் குறையைத் தீர்த்துவிடாததற்கும் இதுவே காரணம். அதில் தொனி முழுமையாக இருக்கிறது; கேட்பவரின் புருவம் இல்லை. காணொளி அழைப்பில் புருவமும் இருக்கிறது, ஆனால் காலம் பிசகுகிறது. இணைப்பில் ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலான தாமதம் ஏற்பட்டாலே, எதிராளி அக்கறையில்லாதவர், நட்பற்றவர் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம் என்று 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கம்பியின் குற்றம் மனிதரின் குணமாகப் படிக்கப்படுகிறது.

ஆகவே மனிதர்கள் எழுத்துக்குள்ளேயே புருவத்தை வரைய முயன்றார்கள். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையினர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் மின்பலகையில் ஒரு வேடிக்கையான இயற்பியல் புதிர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே விழும் மின்தூக்கிக்குள் பாதரசத் துளி என்னவாகும் என்பது போன்ற கேள்விகள். அதைத் தொடர்ந்து ஒருவர், மின்தூக்கியில் பாதரசம் கொட்டிவிட்டது என்று விளையாட்டாக ஓர் எச்சரிக்கை எழுத, நடுவில் வந்து படித்த சிலர் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டை எப்படி அடையாளப்படுத்துவது என்ற பேச்சு எழுந்தது. செப்டம்பர் 19 அன்று முற்பகல் 11:44 மணிக்கு ஸ்காட் ஃபால்மன் என்ற ஆய்வாளர், முக்காற்புள்ளி, இடைக்கோடு, மூடும் அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, தலையைச் சாய்த்துப் படியுங்கள் என்று எழுதினார். பக்கவாட்டில் படுத்திருக்கும் ஒரு புன்னகை. அதே குறிப்பில் கவிழ்ந்த வாய் ஒன்றையும் முன்மொழிந்தார். அவர் அதைத் துயரத்துக்காகக் கொடுக்கவில்லை. இது விளையாட்டில்லை, உண்மை என்று காட்டுவதற்கே கொடுத்தார். பயன்படுத்தியவர்கள் விரைவிலேயே அதை வருத்தமாகவும் சினமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். குறியை உண்டாக்கியவர் தந்த பொருள் நெடுநாள் நிற்கவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் எவரும் அகராதி எழுதிவிட முடியாது.

ஜப்பானியர்கள் 1980களிலேயே தலையைச் சாய்க்காமல் நேராகப் படிக்கக்கூடிய முகங்களைச் செய்தார்கள். அவற்றில் வாய் ஒரு கோடுதான். உணர்ச்சி முழுவதும் கண்ணில் இருக்கும். அமெரிக்கர்கள் செய்தவற்றில் கண் வெறும் புள்ளி, வளைவது வாய். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, முகத்தில் உணர்ச்சியைத் தேடும்போது ஜப்பானியர் கண்ணையும் அமெரிக்கர் வாயையும் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்று கண்டது. அவரவர் எங்கே பார்த்துப் பழகினார்களோ அங்கேதான் வரைந்திருக்கிறார்கள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். தமிழில் எழுதிப் பேசுகிறவர்களிடம் சில கருவிகள் இல்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பேரெழுத்தில் அடித்தால் கத்துகிறார் என்று பொருள்; நமக்குப் பேரெழுத்தே கிடையாது. ஆனால் வேறு மொழிக்காரர்கள் குரலால் மட்டுமே காட்டக்கூடிய பலவற்றைத் தமிழ் சொல்லின் வாலிலேயே கட்டி வைத்திருக்கிறது. "வந்தான்" என்பது செய்தி. "வந்தானே" என்றால் உனக்குத் தெரியாதா என்ற நினைவூட்டல், சில வேளை மனக்குறை. "வந்தானாம்" என்றால் நான் இதற்குப் பொறுப்பில்லை என்ற விலகல். "வந்தான்தான்" என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சொல்ல இன்னொன்று இருக்கிறது. இவற்றையெல்லாம் கைப்பேசியிலும் நாம் இயல்பாகப் பயன்படுத்துகிறோம். ஒற்றை ஏகாரம் ஒரு புருவ அசைவின் வேலையைச் செய்துவிடுகிறது. "நீ", "நீங்க" என்ற தேர்வும் அப்படியே. இவ்வளவு நாள் "நீ" என்று எழுதியவர் ஒருநாள் "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று எழுதினால், எந்த முகக்குறியும் அதன் குளிரை அவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்காது.

பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் இடையிலுள்ள தொலைவும் நமக்குத் தொனியாகப் பயன்படுகிறது. "வரேன்" என்று எழுதிக்கொண்டிருந்தவர் "வருகிறேன்" என்று எழுதும்போது, எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொள்வதைப் போல இருக்கிறது. அது மரியாதையா, கோபமா, விளையாட்டா என்பது இடத்தைப் பொறுத்தது. இரண்டு நண்பர்கள் வேண்டுமென்றே செந்தமிழில் பேசிக்கொள்வதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. கணவனும் மனைவியும் திடீரென்று முழு வினைமுற்றுகளோடு எழுதிக்கொள்ளத் தொடங்கினால் வீட்டில் ஏதோ சரியில்லை.

ஒலியை நீட்டிக் காட்டுவதும் நமக்குப் புதிதல்ல. இலக்கணம் அதை அளபெடை என்கிறது. செய்யுளில் ஓசை குறையும்போது நெட்டெழுத்துக்கு அருகில் அதன் இனக் குற்றெழுத்தை எழுதி, இங்கே இன்னும் நீட்டுங்கள் என்று படிப்பவருக்குச் சொல்லும் ஏற்பாடு அது. இன்று ஒருவர் "வாாாா" என்று துணைக்காலை அடுக்கி எழுதும்போது செய்வதும் அதே வேலைதான். சில கருவிகளில் இரண்டாவது துணைக்கால் ஒட்ட இடமில்லாமல் புள்ளிவட்டம் ஒன்று நடுவே தோன்றிவிடுகிறது. எழுத்துருவுக்குப் புரியாவிட்டாலும் படிப்பவருக்குப் புரிகிறது. "ம்" என்பது கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ம்ம்" என்பது ஒப்புக்கொள்கிறேன் அல்லது யோசிக்கிறேன். "ம்ம்ம்" என்றால் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வரிசை எனக்கும் என்னோடு பேசும் சிலருக்கும் உரியது. உங்கள் வீட்டில் இது நேர்மாறாகவும் இருக்கலாம்.

நிறுத்தற்குறிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓலைச்சுவடிகளில் இன்றைய முற்றுப்புள்ளியும் வினாக்குறியும் இல்லை. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியைக்கூட ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே ஏற்றுவது என்பதை ஓதுபவரின் குரல் அறிந்திருந்தது. அச்சோடு வந்து சேர்ந்த முற்றுப்புள்ளி, வாக்கியம் முடிந்தது என்பதைச் சொல்ல மட்டுமே ஏற்பட்டது. ஆனால் கைப்பேசியில் செய்தியை அனுப்பிய கணமே வாக்கியம் முடிந்துவிடுகிறது. அங்கே முற்றுப்புள்ளிக்கு வேலை இல்லை. வேலையில்லாத இடத்தில் வைக்கப்பட்டதால் அது வேறொரு வேலையை எடுத்துக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைச்சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால் அந்தப் பதிலில் உண்மையான மனமில்லை என்று கருதப்படுவதைக் கண்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டாகக் காட்டியபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தாளில் எழுதிப் பழகிய தலைமுறையினர் பலர் முற்றுப்புள்ளியைத் தூய்மைக்காகவே வைக்கிறார்கள். கைப்பேசியிலேயே எழுதப் பழகியவர்கள் அதை ஒரு கதவு சாத்தப்படும் ஓசையாகக் கேட்கிறார்கள். பெற்றோரின் அன்பான "சரி." பிள்ளைகளைப் புண்படுத்துவது இப்படித்தான். இதில் இருவர் மீதும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எமோஜிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1999இல் ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிதா 176 சிறுபடங்களை, ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகளே கொண்ட கட்டத்தில், உருவாக்கினார் என்பதும், 2010இல் அவை யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறைக்குள் வந்து உலகெங்கும் பரவின என்பதும் பலருக்குத் தெரிந்த வரலாறு. அவற்றைப் படஎழுத்து என்றோ புதிய மொழி என்றோ சொல்வதை நான் ஏற்பதில்லை. லாரன் கான், கிரெட்சன் மெக்கல்லக் என்ற மொழியியலாளர்கள் 2019இல் எழுதியபடி, அவற்றைக் கையசைவுகளாகப் பார்ப்பதே பொருத்தமாக இருக்கிறது. கையசைவு சொல்லுக்குப் பதிலாக வருவதில்லை, சொல்லோடு வருகிறது. கைதட்டுகிறவர் ஒருமுறை தட்டி நிறுத்துவதில்லை. எமோஜியையும் நாம் மூன்று நான்காக அடுக்குகிறோம். பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகளும் பேசும்போது கைகளை அசைக்கிறார்கள், எதிரில் இருப்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்த பின்னும் அசைக்கிறார்கள் என்று 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. கையை அசைக்காமல் நம்மால் பேச முடியாது போலும். தட்டச்சு செய்யும் விரல்கள் அசைக்கக் கிடைத்தது இந்தச் சிறுபடங்கள்தான்.

ஆனால் கையசைவுக்கு உள்ள ஒரு நன்மை இவற்றுக்கு இல்லை. என் சிரிப்பு என் முகத்திலிருந்து வருகிறது; எமோஜியின் சிரிப்பு எல்லோருக்கும் ஒரே முகம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அதாவது சிரிப்பு, முதலாக எட்டு மெய்ப்பாடுகளை, உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களிலிருந்து பிறக்கும் என்கிறது. நகைக்குச் சொல்லப்படும் நான்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். இகழ்ச்சியிலிருந்து வரும் சிரிப்பும் குழந்தைமையிலிருந்து வரும் சிரிப்பும் வாயளவில் ஒன்றாகத் தோன்றினாலும் வேர் வேறு. கண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தை என் செய்திக்குக் கீழே ஒருவர் வைக்கும்போது, அது நான்கில் எது என்று படம் சொல்வதில்லை. அந்த இயலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரக்கூடியவர்க்கு அல்லாமல் மற்றவர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் எட்டுவது அரிது என்று முடிகிறது. கண்ணும் செவியும் இரண்டுமே இல்லாத இடத்தில் நாம் மெய்ப்பாட்டைப் படிக்க முயல்கிறோம்.

படமே ஆளுக்கு ஆள் மாறுவது வேறு தொல்லை. யூனிகோட் ஒரு குறியீட்டு எண்ணைத்தான் தருகிறது. முகத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு முகம் ஆப்பிள் கருவிகளில் பல்லைக் கடிப்பதைப் போலத் தெரிந்ததை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் 2016இல் ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே படத்தைப் பார்த்தவர்களே அது மகிழ்ச்சியா வெறுப்பா என்பதில் வேறுபட்டார்கள் என்பதும் அதில் தெரிந்தது. திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கோ எமோஜி ஒரு பெயராகவே காதில் விழுகிறது. நாம் ஆசையாக அடுக்கும் எட்டுச் சிரிப்புகளும் பல வேளைகளில் அவர்களுக்கு ஒரே நீண்ட பெயர் எட்டுமுறை ஓதப்படுவதாக முடிகிறது. அதை அறிந்த பிறகு நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு எனக்கு இந்தப் பொருளை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. ஆளி விதை வாங்கும் ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்தும்படி கேட்டது. அவர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜியை அனுப்பினார். விதை வரவில்லை. பார்த்துவிட்டேன் என்பதற்காகத்தான் கட்டைவிரலை அனுப்பினேன், சம்மதம் என்று சொல்லவில்லை என்பது அவருடைய வாதம். 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே கொண்டு, 82,000 டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. 2024இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. நீதிபதி கட்டைவிரலின் பொருளைப் படத்திலிருந்து மட்டும் எடுக்கவில்லை. இதற்கு முன்பு இதே இருவருக்கும் இடையே வந்த ஒப்பந்தங்களுக்கு அந்த விவசாயி "சரி", "ஆம்" என்பதைப் போன்ற ஒற்றைச்சொற்களை அனுப்பிவிட்டு, சொன்னபடி விதையையும் கொடுத்து வந்தார் என்பதை நீதிபதி பார்த்தார். இவர்கள் இருவருக்குள் சுருக்கமான பதிலுக்கு இதுதான் பொருள் என்று வழக்கம் ஏற்பட்டிருந்தது.

நான் இத்தனை நாள் தேடியது இந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது. தொனி குறியில் இல்லை, அந்த மனிதரின் வழக்கத்தில் இருக்கிறது. வழக்கத்திலிருந்து அவர் எவ்வளவு விலகுகிறார் என்பதில் இருக்கிறது. எப்போதும் முற்றுப்புள்ளி வைக்கிறவரின் முற்றுப்புள்ளிக்குப் பொருள் இல்லை. ஒருபோதும் வைக்காதவர் வைத்தால் அது ஒரு வாக்கியத்துக்குச் சமம். மௌனமும் அப்படியே. வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீல டிக்குகளைக் கொண்டுவந்தபோது, படித்துவிட்டார் ஆனால் பதில் சொல்லவில்லை என்ற புதியதொரு மௌனம் உலகில் பிறந்தது. பலர் மனம் நொந்ததால் சில நாட்களிலேயே அதை அணைத்து வைக்கும் வசதியும் வந்தது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றி மறைந்து மீண்டும் தோன்றும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் இரவு படித்துக் காலையில் பதில் எழுதுவதே ஒருவரின் இயல்பாக இருந்தால் அந்த நீல நிறத்துக்கு அங்கே எந்தப் பொருளும் இல்லை. முன்பின் அறியாதவர்களிடையே திரையில் இவ்வளவு சண்டை மூளுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: விலகலை அளக்க அவர்களுக்கு வழக்கமே இல்லை.

வழக்கம் இல்லாத இடத்தில், அல்லது வழக்கத்தைப் படிப்பதே கடினமாக இருக்கும் ஒருவரிடத்தில், வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. ஆட்டிச நிலையிலுள்ளவர்கள் உட்பட, தொனியை ஊகிக்க இடர்ப்படும் பலர் புழங்கும் இணைய வட்டங்களில் செய்தியின் இறுதியில் இது விளையாட்டு, இது உண்மை, இது உண்மையாகவே ஒரு கேள்வி என்று குறித்துவிடுகிறார்கள். நயம் கெடுகிறது என்று சிலர் இதைக் குறைசொல்வார்கள். ஒருவரைப் பதினொரு நாள் நோகவைக்கும் நயம் எனக்கு வேண்டாம். நானும் அக்காவும் அந்த அழைப்புக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஐயம் வந்தால் "எந்தக் குரல்?" என்று கேட்பது. கேட்டதும் மற்றவர் அந்த வரியைச் சொல்லிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். இதுவரை அக்கா நான்கைந்து முறை கேட்டிருக்கிறார், நான் அதைவிடக் கூடுதலாக.

அந்த அழைப்பு முடிந்த இரவில் எங்கள் பழைய செய்திகளை நான் மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். நான்கு ஆண்டுகளில் அக்கா எனக்கு எழுதிய ஒற்றைச்சொல் பதில்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. "ஆமாப்பா", "சரிப்பா", "பாக்கறேன்". ஒன்றிலும் முற்றுப்புள்ளி இல்லை. "ஆமாம்." என்று எழுத்துவழக்கில், "ப்பா" இல்லாமல், புள்ளி வைத்து வந்த பதில் அது ஒன்றுதான். எல்லாம் அங்கேயே இருந்தது. அடுத்த பக்கத்தைப் பற்றிய அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. நான் ஐயப்படுகிறேன் என்று நினைத்த அக்கா, அந்தப் பதினொரு நாட்களுக்குள் அந்தப் பத்தியை அழித்துவிட்டு, யாரும் சந்தேகப்பட இடமில்லாத அளவுக்குச் சாதாரணமாக மீண்டும் எழுதியிருந்தார். நீண்ட வாக்கியம் நான்கு துண்டுகளாகியிருந்தது. பொதுக்கோப்பில் பழைய வடிவம் இல்லை. அவர் கணினியிலும் இல்லை. அது என் கைப்பேசியில், நான் அனுப்பிய அந்த மூன்று சொற்களுக்கு நேர் மேலே, அவர் அனுப்பியபடியே இருந்தது. அதை நகலெடுத்து அவருக்குத் திருப்பி அனுப்பினேன். கீழே, இந்த வாக்கியத்தில் மூச்சு எங்கே திரும்புகிறது, எந்த வினையெச்சத்தில் அது தாங்கி நிற்கிறது, இதைப் படித்தபோது எனக்கு ஏன் உடல் சிலிர்த்தது, என்னால் ஏன் இப்படி எழுத முடியாது என்று ஒன்பது வரி எழுதினேன். வினாக்குறி எதுவும் வைக்கவில்லை.

மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மீண்டும் தோன்றின. பிறகு "சரிப்பா, அதையே வச்சுக்கலாம்" என்று வந்தது.